கதிரை லிஃப்ட் இல்லாத மலை

1

ஜூன் மாதம் பிறந்தால் மெல்பேர்ன் தமிழர்களிடம் ஒரு கேள்வி கிளம்பும். கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் கேட்பார்கள், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் கேட்பார்கள், டண்டினொங் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். "இந்த முறை ஸ்னோவுக்கு எந்த மலைக்குப் போறியள்?"

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. அவுஸ்திரேலியா என்றால் வெயில், கடற்கரை, கங்காரு. நானும் அப்படி நம்பித்தான் ஒரு பெட்டி நிறைய மெல்லிய பருத்திச் சட்டைகளோடு வந்து இறங்கினேன். இங்கே ஆடி, ஆவணியில் மலைகளில் பனி கொட்டும். நகரத்துக்குள் ஒரு துளியும் விழாது. பனியைப் பார்க்க வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு மலை, மூன்றில் ஒன்று, நாலரையில் இன்னும் இரண்டு. எதற்குப் போவது என்பதுதான் கேள்வி. அதற்கு அபிப்பிராயம் சொல்லாத தமிழர் இந்த நகரத்தில் இல்லை, பனியையே காணாதவர்கள் உட்பட.

போன கிழமை எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் ஹரிணி என்னைக் கேட்டாள். மதுரைப் பிள்ளை. வந்து ஒரு வருஷம்தான், ஆறு வயதில் ஒரு மகன்.

"அக்கா, பையன் ஸ்னோவுக்குப் போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். காலையில போனா அன்னிக்கே திரும்பிடணும். எந்த மலைக்குப் போகலாம், நீங்களே சொல்லுங்க."

நான் கேட்காதவர்களுக்கே புத்தி சொல்லுகிற ஆள். அடுத்த வீட்டுக்காரி புட்டு அவிக்கிற வாசம் வந்தாலே, மா பதம் சரியில்லை என்று மதிலுக்கு மேலால் சொல்லிவிடுவேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

"விசாரிச்சுச் சொல்லுறன் பிள்ளை," என்றேன்.

"என்னக்கா, நீங்க இங்க இருபத்திரண்டு வருஷமா இருக்கீங்க. போனதே இல்லையா?"

"ஒருக்கா போனனாங்கள்."

மணி அடித்தது, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த ஒருக்காவைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

2

என் வேலையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். டண்டினொங்கில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். உறைந்த பட்டாணி, உறைந்த மீன், உறைந்த உருளைக்கிழங்கு. உள்ளே பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. மூக்கு மயிர் விறைக்கும். முக்கால் மணித்தியாலம் உள்ளே, பிறகு வெளியே வந்து தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். விரலுக்கு உணர்ச்சி திரும்பும்போது ஒரு நோ வரும் பாருங்கள், அழுகை வரும். முதல் வருஷம் அழுதிருக்கிறேன்.

இப்படியான ஆளிடம் வந்து பன்னிரண்டு வயது மகள் சொல்கிறாள், "அம்மா, எனக்கு ஸ்கீ பழகவேணும்."

கவினா எனக்கு ஒரே பிள்ளை. மற்றப் பிள்ளைகள் மாதிரி கடையில் விழுந்து புரண்டு கேட்கிற சாதியில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை மௌன்ட் புல்லருக்குப் போய்வந்து கதை சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து இவளுக்கு அதே யோசனை. காலுறையோடு மரத்தரையில் முழங்காலை மடித்து நின்று, குசினியில் இருந்து ஹோல் வரைக்கும் சறுக்கிக்கொண்டு வருவாள். கம்ப்யூட்டரில் படம் பார்த்துப் பார்த்து, திரும்புவது எப்படி, நிற்பது எப்படி என்று எனக்குப் பாடம் எடுப்பாள்.

"குளிருக்குக் காசு குடுத்துப் போறதோ? என்ன விசர்க்கதை! என்ர வேலைக்கு வா, சும்மா தாறன்," என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "பிளீஸ் அம்மா, ஒருக்கா," என்றாள். பிறகும் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஸ்கீ காம்ப் என்று சம்மதப் படிவம் வந்தது. மூன்று இரவு வெளியில் தங்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதை மடித்துக் கரண்டி லாச்சிக்குள் வைத்தேன். கடைசித் தேதி போய்விட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவேயில்லை. படிவத்தைக் காணவில்லை என்றேன்.

3

அடுத்த வருஷம் அவள் பெரியபிள்ளையானாள். எங்கள் சனத்துக்குச் சாமத்திய வீடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டில் அது எப்படி ஊதிப் பெருத்திருக்கிறது என்று நீங்கள் நேரில் பார்த்தால் வாயைப் பிளப்பீர்கள். மண்டபம், பல்லக்கு, புகை விடுகிற மெஷின், வாசலில் பிள்ளையின் ஆளுயரப் படம். நாங்கள் பல்லக்கு வரைக்கும் போகவில்லை. ஆனால் மண்டபம் எடுத்தோம், முந்நூறு பேருக்குச் சொன்னோம். நான் பத்து வருஷமாக மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மொய் எழுதினவள். எனக்கும் ஒரு நாள் வேண்டாமா?

கவினா மாட்டேன் என்று நின்றாள்.

"இது என்ர பிரைவேட் விஷயம். ஏனம்மா முந்நூறு பேருக்குத் தெரியவேணும்?"

வெருட்டிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அசையவில்லை. கார்டு அடித்தாகிவிட்டது. அந்த அந்தரத்தில்தான் என் வாயில் அது வந்தது.

"சரி, கவி. நீ மூண்டு சீலையும் உடுத்து, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இல்லாமல், சிரிச்சுக்கொண்டு மேடையில நில். நான் உன்னை ஸ்கீக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"உண்மையா? மலையில? லிஃப்டில ஏறிப் போய்ச் சறுக்குற இடத்துக்கு?"

"ஓம்."

"அம்மா சத்தியம் பண்ணுங்கோ."

"அம்மாவாணை."

கையை நீட்டினாள். இரண்டு வியாபாரிகள் மாதிரிக் கைகுலுக்கினோம்.

அவள் தன் பக்கத்தைச் செய்தாள். எப்படிச் செய்தாள் என்கிறீர்கள்! மஞ்சள் நீர் வார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்று தரம் சீலை மாற்றினாள். தலையில் அத்தனை ஊசியும் பூவும். நாலு மணித்தியாலம் அந்தச் சோடனைக் கதிரையில் இருந்து, யாரென்றே தெரியாத அன்ரிமாருக்கும் அங்கிள்மாருக்கும் சிரித்தாள். படம் எடுக்கிறவர் "இன்னும் கொஞ்சம் வெக்கப்படுங்கோ பிள்ளை" என்றபோது அவள் வெட்கப்பட்டும் காட்டினாள். வந்த சனம் எல்லாம், "நல்ல அடக்கமான பிள்ளை, குடுத்து வைச்சனீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனது. நான் மிதந்தேன்.

4

சாமத்திய வீடு முடிந்த கிழமையே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஏறியது. கவினா அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தாள். மலையின் பெயர், எங்கள் வீட்டிலிருந்து எத்தனை மணித்தியாலம், எத்தனை லிஃப்ட், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வகுப்பு உண்டா. நாலு மலைகள். பௌ பௌ கிட்ட, சின்ன மலை, ஆனால் பாதை வளைவும் ஏற்றமும். புல்லர் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, லிஃப்ட் நிறைய. ஃபோல்ஸ் கிறீக், ஹோதம் இரண்டும் தூரம், ஒரு நாளில் போய்வர ஏலாது என்று அவளே அடித்துவிட்டிருந்தாள். புல்லருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம்.

நான் அந்தத் தாளைத் தாண்டித் தாண்டிப் பால் எடுத்தேன், தயிர் எடுத்தேன். ஜூலையும் முடியப்போனது.

என் கணவர் நல்ல மனுஷன், ஆனால் எதிலும் தலைபோடாத மனுஷன். "நீ சொல்லுற மலைக்கு நான் கார் விடுறன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது," என்றார். ஆகவே மலையைத் தெரிவுசெய்தது நான்தான். வேறு யாரின் தலையிலும் கட்ட முடியாது.

வேலையிடத்தில் கேட்டேன். ஒருத்தி சொன்னாள், லேக் மௌன்டனுக்குப் போ, இரண்டே மணித்தியாலம், பிளாஸ்டிக் பலகையில் இருந்து சறுக்கலாம், குடும்பத்தோடு போக நல்ல இடம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். எனக்கு அது தேன் மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் மகளுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் பார்த்தேன். என் ஆங்கிலம் படிவம் நிரப்புகிற ஆங்கிலம்தான். ஆனாலும் ஆட்களைக் கதிரையில் இருத்திக் கம்பியில் மலைக்கு மேலே கொண்டுபோகிற கதிரை லிஃப்ட் அங்கே இல்லை என்பது எனக்கு விளங்கியது. மேலே ஏறிக் கீழே சறுக்கி வருகிற ஸ்கீக்கு உரிய மலை அது இல்லை என்பதும் விளங்கியது. நல்லாய் விளங்கியது. இதை நான் இன்றுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை ஸ்னோவுக்குப் போறம். லேக் மௌன்டன்."

கவினா கதவிலிருந்த தாளைப் பார்த்தாள். "அது என்ர லிஸ்டில இல்லையே அம்மா. அங்க லிஃப்ட் இருக்கோ?"

"இருக்கு இருக்கு. வேலையில எல்லாரும் போனவை."

ஏன் சொன்னேன்? மண்டபத்துக்குக் கொடுத்த பிறகு கையில் ஒன்றும் இல்லை, அது ஒரு காரணம். விழுந்து காலைக் கையை முறித்தால் என்ன செய்வது என்ற பயம் இன்னொன்று. கிழமையில் ஒரே ஒரு ஞாயிறு எனக்கு, அதில் ஆறு ஏழு மணித்தியாலம் காரில் இருக்க என் இடுப்பு விடாது. இப்படி நிறையச் சொல்லலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் கிடந்தது வேறு. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பனி என்றால் பனிதானே, வெள்ளையைக் கண்டவுடன் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்குத்தானே என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

5

ஞாயிறு விடிய இடியப்பம் அவித்து, சொதியைச் சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஊற்றி, சம்பல் வேறாகக் கட்டினேன். உடுப்பு வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று கவினா சொல்லியிருந்தாள். என்னத்துக்கு? வேலையிடத்திலிருந்து மூன்று குளிர் ஜாக்கெட் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதைவிடச் சூடான சாமான் உலகத்தில் இல்லை. கருநீலம், கையிலும் முதுகிலும் வெளிச்சத்தில் மினுங்குகிற மஞ்சள் பட்டி, முதுகில் கொம்பனியின் பெயர். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. அவள் போட்டுக்கொண்டாள்.

வழியில், பனியில் வழுக்காமல் இருக்கக் காரின் சில்லுக்குப் போடுகிற சங்கிலி வாடகைக்கு எடுக்க வேண்டும், அது சட்டம். கடைக்காரர் எப்படிப் பூட்டுவது என்று விளக்கி, விளங்கியதா என்று கேட்டார். என் கணவர் "யெஸ், யெஸ்" என்றார். வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது இந்த யெஸ்தான். காருக்குள் வந்து, "ஒண்டும் விளங்கேல்லை, கடவுள் விட்ட வழி" என்றார். நல்ல காலம், அன்றைக்குச் சங்கிலி பூட்டத் தேவைப்படவில்லை.

மேரிஸ்வில் தாண்டி மேலே ஏற ஏற, பாதையோரம் எல்லாம் வெள்ளை. உண்மையைச் சொன்னால் வடிவுதான். மரங்கள் மாவில் தோய்த்து எடுத்த மாதிரி நின்றன. களஞ்சியத்துக் குளிரை மட்டும் தெரிந்த எனக்கு, வெயிலோடு வருகிற குளிர் ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரியும். நிறையக் குடும்பங்கள். பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டு பலகையில் சறுக்கின. இந்திய ஆட்கள், சீன ஆட்கள், எங்கள் ஆட்களும் இரண்டு வான் நிறைய. அந்த மலையில் எந்தப் பிழையும் இல்லை. அது கேட்டவர்களுக்குக் கொடுக்கிற மலை. எங்கள் பிள்ளை கேட்டது வேறு.

காரை நிற்பாட்டிய உடனேயே, அவள் கேட்க முதல் நான் முந்திக்கொண்டேன். "காத்துக் கூடவாம் கவி. லிஃப்டை நிப்பாட்டிப் போட்டாங்களாம்."

காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை.

"ஓகே அம்மா," என்றாள்.

பலகையில் மூன்று தரம் சறுக்கினாள். நாங்கள் கேட்டதற்காக. படம் எடுக்க நின்றாள், மேடையில் நின்ற அதே சிரிப்போடு. பிறகு கால் நனைந்துவிட்டது என்று சொல்லிக் காருக்குள் போய் இருந்தாள். கார்த் தரிப்பிடத்தில் நின்று நானும் அவரும் இடியப்பம் சாப்பிட்டோம். பக்கத்தில் நின்ற தமிழ்க் குடும்பத்துக்கும் கொடுத்தோம். திரும்பி வரும்போது, "வாக்குக் காப்பாத்திப் போட்டன், பாத்தியோ?" என்று நானே சொல்லிக்கொண்டேன். நினைத்தால் என் வாயிலேயே நாலு போடவேண்டும் போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கதவிலிருந்த தாளைக் கழற்றி, கிழிக்காமல், நாலாய் மடித்துக் குப்பைக்குள் போட்டாள்.

6

அதற்குப் பிறகு கவினா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இதை நான் கவனிக்கவேயில்லை என்பதுதான் கேவலம். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால் "ஏதாவது." கடைக்குக் கூட்டிப்போனால் "இருக்கிறது போதும்." பள்ளிக்கூடப் படிவங்களைத் தானே நிரப்பி, நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துத் தருவாள். சண்டை இல்லை, கதவைச் சாத்துவது இல்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், அதுவும் மரியாதையான பதில். மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் அட்டகாசத்தைச் சொல்லி மூக்கால் அழும்போது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ர பிள்ளை எங்களிட்ட ஒண்டும் கேளாது" என்று பெருமையடிப்பேன். எத்தனை வருஷம் அடித்தேன்! அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று ஒரு நாளாவது தோன்றியதா? இல்லை.

பல்கலைக்கழகம் போனபிறகு தானாக வேலை செய்து சேர்த்து, சிநேகிதிகளோடு புல்லருக்குப் போனாள். அங்கே போய்ப் பழகினாள். எனக்கு அது வேறொருவரின் போனில் பார்த்த படத்தால்தான் தெரியும். தலைக்கவசம், கண்ணாடி, பின்னால் ஒரு கதிரை லிஃப்ட். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிற சாமத்திய வீட்டுப் படத்திலும் இல்லை.

இப்போது சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறாள். பிசியோதெரபி வேலை. குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் அங்கிருந்து மலைக்குக் கார் விடுகிறாள், ஐந்தாறு மணித்தியாலம். ஞாயிறு பின்னேரங்களில் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களா, இடுப்பு எப்படி, அப்பா மாத்திரை போட்டாரா. எல்லாம் கேட்பாள், எங்களைப் பற்றி.

7

நேற்று ஞாயிறு. போன் வந்தது. ஹரிணியின் விஷயத்தைச் சொல்லி, "எந்த மலை எண்டு நீ சொல்லன், கவி. உனக்குத்தானே தெரியும்," என்றேன்.

"அந்தப் பெடியனுக்கு என்ன வேணும் எண்டு முதல் கேளுங்கோ அம்மா. பனியில விளையாட எண்டால் லேக் மௌன்டன் நல்லம், கிட்ட. ஸ்கீ பழக எண்டால் பௌ பௌ, இல்லாட்டிப் புல்லர்."

அந்தப் பெயரை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான், பன்னிரண்டு வருஷம் வைத்திருந்ததை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"கவி, அண்டைக்கு நாங்கள் போகேக்க... அங்க லிஃப்ட் இல்லையெண்டு எனக்கு முதலே தெரியும்."



"தெரியும் அம்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"லிஃப்ட் இல்லையெண்டும் தெரியும், உங்களுக்குத் தெரியும் எண்டும் தெரியும். நீங்கள் பாத்த பக்கம் கம்ப்யூட்டரில இருந்தது. வெள்ளிக்கிழமை பாத்தனான்."

"அப்ப ஏன் பிள்ளை வந்தனி?"

"நீங்கள் கார்ல சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஹீல்ஸ்வில் தாண்டேக்க, இப்ப சொல்லுவா எண்டு நினைச்சன். பிறகு காடு வரேக்க நினைச்சன். சொன்னால், 'பரவாயில்லை அம்மா, அடுத்த வருஷம் போவம்' எண்டு சொல்ல ரெடியா இருந்தனான்."

எனக்கு அந்தக் காட்டுப் பாதை ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் வானம் தெரியாத உயரத்துக்கு மரங்கள். பின்சீற்றில் பிள்ளை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளைச் சிரிக்கப் பண்ணவேண்டும் என்று நான் முன்சீற்றிலிருந்து திரும்பி, "கவி, நானும் உன்னோட கதிரை லிஃப்டில ஏறப்போறன். பயத்தில கத்தினால் நீ சிரிக்கக்கூடாது, சரியோ?" என்றேன்.

அவள் என் முகத்தையே கன நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் உங்களைப் பிடிச்சுக்கொள்ளுறன்."